சின்னப் பிள்ளைகளோடு நெல்லைச் சீமைச் சுற்றுலா: எங்கே சிக்கல் வரும், வந்தால் என்ன செய்வது

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது என்று கேள்விப்பட்டதும் வேன் பேசிவிடுவோம். காலையில் ஐந்தருவி, மதியம் பாபநாசம், சாயங்காலம் நெல்லையப்பர், மறுநாள் விடியலில் திருச்செந்தூர். பெரியவர்களுக்கு இந்தக் கணக்கு சரிப்படும். மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒரே நாளில் இரண்டு குளியல், மூன்று சாப்பாட்டுக் கடை, நாலு மணி நேர வண்டி என்பது தாங்காது. தூக்கமும் பசியும் தள்ளிப்போன பிள்ளைதான் வாந்தி எடுக்கும், கையை உதறிக்கொண்டு ஓடும், வழுக்கி விழும். ஆகவே முதல் வேலை திட்டத்தைக் குறைப்பது. ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளை உடன் வந்தால் ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம் போதும். திருநெல்வேலியிலிருந்து குற்றாலமும் திருச்செந்தூரும் ஏறக்குறைய 60 கி.மீ., எதிரெதிர்த் திசையில். இரண்டையும் ஒரே நாளில் வைக்காதீர்கள்.

பிள்ளைக்கு ஓர் ஆள், அந்த ஆளுக்கு வேறு வேலை கிடையாது

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு பேர் போகிற வேனில் பிள்ளையைப் பார்க்க ஆளா இல்லை என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். ஆச்சி பார்ப்பாள் என்று அம்மா நினைக்க, சித்தி பார்ப்பாள் என்று ஆச்சி நினைக்க, சித்தி பையிலிருந்து துண்டு தேடிக்கொண்டிருப்பாள். பிள்ளை கைநழுவும் நேரங்கள் பெரும்பாலும் இப்படிப்பட்டவைதான்: வண்டியை விட்டு இறங்கும் ஐந்து நிமிடம், உடை மாற்றும் நேரம், கடையில் பில் கொடுக்கும் நேரம், கிளம்பும்போது சாமான் ஏற்றும் நேரம், எல்லோரும் சேர்ந்து போட்டோ எடுக்கும் நேரம்.

தண்ணீரும் கூட்டமும் உள்ள இடத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒருவர் பெயர் சொல்லி ஒதுக்கப்பட வேண்டும். அவர் கையில் பையோ போனோ இருக்கக் கூடாது. அரை மணிக்கு ஒரு முறை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் மாற்றும்போது வாய்விட்டுச் சொல்லுங்கள். “மாமா, இனி பாப்பா உங்க பொறுப்பு” என்று சொல்லி, “சரி, நான் பாத்துக்கிடுதேன்” என்ற பதில் வந்த பிறகே முதல் ஆள் விலக வேண்டும். தலையாட்டினால் போதாது. பத்து வயது அக்காவை நம்பித் தம்பியை விடுவதும் வேண்டாம், அவளும் பிள்ளைதான்.

கிளம்புவதற்கு முந்தின நாள்

பிள்ளைக்கென்று தனியாக ஒரு சிறிய தோள்பை, அதுவும் டிக்கியில் அல்லாமல் கைக்கெட்டும் இடத்தில். அதற்குள்: ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஐந்தாறு, பாராசிட்டமால், வெப்பமானி, பருத்தித் துணி, கட்டுத்துணி, சோப்புக் கட்டி, சிறு பொட்டலத்தில் கல்லுப்பு, இரண்டு மாற்றுடை, உலர்ந்த துண்டு, ஒரு லிட்டர் எவர்சில்வர் பாட்டிலில் காய்ச்சி ஆறிய தண்ணீர். எவர்சில்வர் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: பாபநாசம், மணிமுத்தாறு வழியாக மலைக்குப் போகும் சாலைகள் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் போகின்றன. வனத்துறைச் சோதனைச்சாவடியில் பிளாஸ்டிக் பாட்டிலையும் பையையும் எடுத்து வைத்துவிடுவார்கள். பிள்ளைக்கான தண்ணீர் அங்கே நின்றுவிட்டால் மேலே கடையை நம்ப முடியாது.

பாராசிட்டமாலில் ஒரு பெரிய குழப்பம் இருக்கிறது, பொறுமையாகப் படியுங்கள். அளவு வயதை வைத்து அல்ல, எடையை வைத்து: ஒரு கிலோவுக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மி.கி. பத்துக் கிலோ பிள்ளைக்கு அதிகபட்சம் 150 மி.கி. இது சொட்டு மருந்தில் (1 மி.லி.க்கு 100 மி.கி.) 1.5 மி.லி.; 5 மி.லி.க்கு 125 மி.கி. உள்ள சிரப்பில் 6 மி.லி.; 5 மி.லி.க்கு 250 மி.கி. உள்ள சிரப்பில் 3 மி.லி. வீட்டில் வழக்கமாக 6 மி.லி. கொடுத்த பழக்கத்தில், வழியில் வாங்கிய சொட்டு மருந்தையும் 6 மி.லி. கொடுத்தால் நாலு மடங்கு உள்ளே போய்விடும். எனவே வீட்டில் பழகிய பாட்டிலையே எடுத்துப் போங்கள். பிள்ளையின் எடையையும் ஒரு வேளைக்கான மி.லி.யையும் பாட்டில் மேலேயே எழுதி ஒட்டுங்கள். இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது நாலு மணி நேரம், ஒரு நாளில் நாலு வேளைக்கு மேல் வேண்டாம். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் மருந்து கொடுத்துப் பார்க்கலாம் என்ற பேச்சே இல்லை, நேரே மருத்துவமனை.

அடையாளம்: போன் எண்ணை உள்ளங்கையில் எழுதினால் முதல் குளியலிலேயே போய்விடும். அரைஞாண் கயிற்றில் எண் பொறித்த சிறு தகடு கோத்துவிடுவது நல்லது. இல்லையென்றால் அழியாத மார்க்கர் பேனாவால் உடையின் உட்புறம் இரண்டு எண்கள் எழுதுங்கள். பெயரை வெளியே தெரியும்படி எழுத வேண்டாம். பெயர் சொல்லிக் கூப்பிடுகிற யாரையும் பிள்ளை தெரிந்தவர் என்று நம்பிவிடும்.

வண்டியில்

வாந்திதான் முதல் தொல்லை. இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வரை இது அதிகம். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ‘ஆடுகிறோம்’ என்கிறது. முன்சீட்டின் முதுகை மட்டும் பார்க்கும் கண்ணோ ‘அசையவில்லை’ என்கிறது. இரண்டும் மோதும்போது குமட்டல். அதனால் பிள்ளை கையில் போனைக் கொடுத்து வீடியோ பார்க்க வைத்தால் குமட்டல் கூடும். நடு வரிசையில், முன்கண்ணாடி வழியே தூரத்துச் சாலையும் மலையும் தெரிகிற இடத்தில் உட்கார வையுங்கள். கடைசி வரிசை வேண்டவே வேண்டாம்.

கிளம்ப ஒன்றரை மணி நேரம் முன்பு இரண்டு இட்லி போதும். வெறும் வயிறும் கெடுதல்தான். நெய் சொட்டும் பொங்கலும் பால் டம்ளரும் அதைவிடக் கெடுதல். வண்டி வாசனைத் திரவம், அடர்ந்த மல்லிகைச் சரம், டீசல் நெடி மூன்றும் குமட்டலைக் கூட்டும். மணிமுத்தாற்றிலிருந்து மாஞ்சோலை ஏறும் சாலை வளைவும் குண்டும் குழியுமாகச் சேர்ந்தது. அதற்கு வனத்துறை அனுமதியும் வேண்டும். செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு இறங்கும் கணவாயும் அப்படித்தான். இந்த வழிகளில் அரை மணிக்கு ஒரு முறை நிறுத்தச் சொல்லி ஓட்டுநரிடம் முன்பே பேசிவிடுங்கள். மூடி போட்ட சின்ன வாளி ஒன்று காலடியில் இருந்தால் வண்டி நாறாது. வாந்தி மாத்திரையை டாக்டர் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும். புரோமெத்தசின் என்ற மருந்து இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் மூச்சையே ஒடுக்கக் கூடியது.

முன்சீட்டில் மடியில் பிள்ளையை வைத்துப் போவது நம் ஊரில் சகஜம். வண்டி திடீரென நின்றால் உங்கள் கை அந்த விசையைப் பிடிக்காது. காற்றுப்பை வெடித்தால் நேரே பிள்ளையின் முகத்தில் அடிக்கும். 14 வயதுக்கு உட்பட்டவருக்கு பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லையென்றால் மோட்டார் வாகனச் சட்டம் 194பி பிரிவின்படி 1,000 ரூபாய் அபராதமும் உண்டு. நிறுத்தின வண்டிக்குள் தூங்குகிறதே என்று பிள்ளையை விட்டுப் போகாதீர்கள். கத்தரி வெயிலில் பத்து நிமிடத்திலேயே உள்ளே வெப்பம் ஆபத்தாகிவிடும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைப்பது உதவாது.

ரயிலில் ஐந்து வயது வரை டிக்கெட் இல்லை, படுக்கையும் இல்லை. 5 முதல் 12 வயது வரை படுக்கை கேட்டால் முழுக் கட்டணம். நெல்லை எக்ஸ்பிரஸ் போன்ற இரவு வண்டியில் பிள்ளைக்குக் கீழ்ப்படுக்கையின் சுவர்ப்பக்கம்தான் இடம். ஜன்னல் ஷட்டரின் இரண்டு கொக்கியும் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள், விரல் நசுங்குவது அதில்தான். வழியில் உடம்புக்கு முடியவில்லையென்றால் ரயில்வே உதவி எண் 139.

நவம்பர், டிசம்பரில் வந்தால் இன்னொன்று. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. அளவுக்குக் கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னை புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், குழந்தைகள் உட்பட நூற்றுக்கணக்கான பேர் வெள்ளத்துக்கு நடுவே சிக்கினார்கள். மழைக்காலத்தில் ஒரு மணி நேரப் பயணமானாலும் கைக்குழந்தைக்கு ஒரு நாளைக்கான பால் மாவு, தண்ணீர், மருந்து பையில் இருக்க வேண்டும்.

அருவியில்

குற்றாலச் சீசன் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. பேரருவியின் அடியில் சின்னப் பிள்ளையை நிறுத்தவே கூடாது. அங்கே விழுவது தண்ணீர் மட்டுமல்ல. கல்லும் கொம்பும் சேர்ந்து வரும், பெரியவர்கள் கூட்டமும் நெருக்கும். தண்ணீர் மிதமாக விழும் நாளில், ஓரத்துச் சாரலில், இடுப்பில் தூக்கி வைத்துக் காட்டினால் பிள்ளைக்கு அதுவே பெரிய ஆனந்தம். பாறையும் தளமும் பாசியாலும், தடையை மீறித் தேய்க்கிற எண்ணெய், சோப்பாலும் வழுக்கும். எண்ணெய் தேய்த்த பெரியவர் பிள்ளையைத் தூக்கக் கூடாது. மீனைப் போல நழுவிவிடும்.

இப்போது முக்கியமானது. வானம் தெளிந்திருந்தால் வெள்ளம் வராது என்பது தப்பு. மழை மேலே காட்டுக்குள் பெய்யும்; வெள்ளம் கீழே வெயிலடிக்கிற இடத்துக்கு வரும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென வந்த காட்டாற்று வெள்ளத்தில் 17 வயது மாணவர் ஒருவர் உயிரிழந்தார். சீசன் தொடங்குவதற்கு முந்தின மாதம் அது. எனவே இந்த அறிகுறிகளை மனதில் வையுங்கள்: தெளிந்த தண்ணீர் கலங்கிச் செம்மண் நிறமாவது, இலை தழை சுள்ளி அடித்து வருவது, இரைச்சல் மாறுவது, மலைமேல் கருமேகம். ஒன்று தெரிந்தாலும் துணியையும் செருப்பையும் விட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறுங்கள். போன வழியே திரும்பி ஓடுவதைவிடப் பக்கவாட்டில் உயரே ஏறுவதுதான் முதலில். போலீஸ் தடை போட்ட நாளில், இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று வாதாட வேண்டாம்.

பத்து நிமிடக் குளியல் ஒரு சின்ன உடம்புக்குப் போதும். உதடு நீலம் பாரித்து, பல் கிட்டி நடுங்கினால் உடனே வெளியே எடுத்து ஈர உடையை முழுக்க அவிழ்த்து, துவட்டி, உலர்ந்த துணியோடு நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள்.

குரங்கு இன்னொரு தொல்லை. பிள்ளை கையில் திங்கிற பண்டம் இருந்தால் குரங்கு பிள்ளையைத்தான் குறிவைக்கும். வண்டிக்குள்ளேயே தின்னக் கொடுத்து, கையைத் துடைத்து இறக்குங்கள். கடித்தாலோ பிறாண்டினாலோ: ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு முழுதாக 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய் எதுவும் வைக்காதீர்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனையில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி. இரத்தம் கசிந்திருந்தால் காயத்தைச் சுற்றி, உடனே எதிர்ப்புச் சக்தி தரும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் போட வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள். நாய்க்கும் இதே முறைதான்.

மாஞ்சோலைப் பக்கம் மழைநாளில் அட்டை ஏறும். பிடித்து இழுக்காமல் கொஞ்சம் உப்பு வைத்தால் தானே விழும். சோப்பால் கழுவித் துணியை அழுத்திப் பிடியுங்கள். வெகுநேரம் இரத்தம் கசிவது அட்டைக்கடியின் இயல்பு, பயப்பட வேண்டாம்.

தாமிரபரணியில்

ஆறு மெதுவாக ஓடுவதுபோல் இருப்பதுதான் இதன் ஆபத்து. முழங்கால் ஆழத்திலிருந்து அடுத்த அடியில் கசம், அதாவது ஆழமான பள்ளம், இருக்கலாம். மணல் அள்ளிய குழிகள் வேறு. அணையில் தண்ணீர் திறந்தால் ஓட்டம் சட்டெனக் கூடும். உள்ளூர்க்காரர்கள் குளிக்கிற படித்துறையில் மட்டும் இறங்குங்கள்; எங்கே கசம் என்று துவைத்துக்கொண்டிருப்பவர்களிடம் கேளுங்கள், சரியாகச் சொல்வார்கள். பிள்ளையோடு இறங்குகிறவர் ஆற்றின் ஓட்டம் போகும் பக்கம், அதாவது பிள்ளைக்குக் கீழ்ப்புறம் நிற்க வேண்டும். கால் இடறினால் பிள்ளை உங்கள் மேல் வந்து சேரும். எட்டிப் பிடிக்கும் தூரம் என்றால் நிஜமாகவே கை எட்ட வேண்டும். ரப்பர் வளையம், காற்றடைத்த பொம்மை எதையும் நம்பாதீர்கள்.

மூழ்கின பிள்ளையை எடுத்ததும் நம் பக்கத்தில் இரண்டு தப்பு நடக்கிறது: தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது. வயிற்றில் இருக்கிற தண்ணீரும் சோறும் மூச்சுக்குழலுக்குள் போகும், நேரமும் வீணாகும். செய்ய வேண்டியது இது.

1. ஒருவர் 108ஐ அழைக்க, மற்றவர் பிள்ளையைத் தட்டையான தரையில் மல்லாக்கப் படுக்க வைத்து மூச்சு வருகிறதா என்று 10 விநாடிக்குள் பாருங்கள்.
2. மூச்சு இல்லையென்றால் தலையைச் சற்றுப் பின்னே சாய்த்து, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து 5 முறை ஊதுங்கள். ஒவ்வொரு முறையும் நெஞ்சு எழும்ப வேண்டும். கைக்குழந்தைக்கு வாயையும் மூக்கையும் சேர்த்து மூடி மெல்ல ஊதுங்கள்.
3. அசைவு இல்லையென்றால் நடு நெஞ்சில் ஒரு கையால் (கைக்குழந்தைக்கு இரண்டு விரலால்) நெஞ்சின் மூன்றிலொரு பங்கு ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகத்தில் 30 அழுத்தம், பிறகு 2 மூச்சு. ஆள் வரும்வரை இதையே தொடருங்கள்.

பிழைத்து எழுந்து சிரித்தாலும் மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும். நுரையீரலில் புகுந்த தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் மூச்சைத் திணற வைக்கும்.

திருச்செந்தூரிலும் கோயில் கூட்டத்திலும்

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் திருச்செந்தூரில் கடல் உள்வாங்குவது அடிக்கடி நடக்கிறது. பச்சைப் பாசி படிந்த பாறைகள் வெளியே தெரியும். அதன்மேல் பிள்ளையை நிறுத்திப் போட்டோ எடுக்க ஆசை வரும். வேண்டாம். வழுக்கினால் பாறை விளிம்பு கிழித்துவிடும், அலையும் எப்போது திரும்பும் என்று தெரியாது. பிள்ளைக்குக் கால் நனைக்க மட்டும், கடலுக்கு முதுகு காட்டாமல். நாழிக்கிணறு என்ற தீர்த்தக் கிணற்றின் படிகள் ஈரமாக இருக்கும்; தூக்கிக்கொண்டு இறங்குகிறவரின் ஒரு கை சும்மா இருக்க வேண்டும்.

ஜெல்லி மீன் பட்டு எரிந்தால் நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள், தேய்க்கவும் கூடாது. ஒட்டியிருக்கும் கொட்டு செல்கள் மேலும் வெடிக்கும். கடல் தண்ணீரால் கழுவி, ஏ.டி.எம். கார்டு போன்ற ஒன்றின் விளிம்பால் இழைகளை வழித்தெடுத்து, பொறுக்கிற சூட்டில் வெந்நீர் 20 நிமிடம். முகம் வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ 108.

தைப்பூசம், வைகாசி விசாகம், சூரசம்ஹாரம், நெல்லையப்பர் ஆனித் தேரோட்டம், இப்போது பௌர்ணமி இரவுத் தங்கல் என்று கூட்டம் சேரும் நாட்களில் பிள்ளை தொலைவதுதான் பெரும் பயம். காலையில் உடை போட்டதும் முழு உருவமாக ஒரு போட்டோ எடுங்கள்; பதற்றத்தில் என்ன நிறச் சட்டை என்றே நினைவு வராது. நாலு வயதுப் பிள்ளைக்கு இரண்டு விஷயம் சொல்லிக்கொடுக்கலாம்: அம்மாவைக் காணோமென்றால் நின்ற இடத்திலேயே நில், பிள்ளையோடு இருக்கிற ஓர் அத்தையிடமோ போலீஸிடமோ சொல்.

காணவில்லை என்றால் எல்லோரும் சிதறி ஓடாதீர்கள். ஒருவர் கடைசியாகப் பார்த்த இடத்திலேயே நிற்க வேண்டும். ஒருவர் உடனே தண்ணீர்ப் பக்கம் போக வேண்டும், மற்ற இடமெல்லாம் அப்புறம். ஒருவர் புறக்காவல் நிலையத்துக்குப் போய்ப் போட்டோவைக் காட்டி ஒலிபெருக்கியில் சொல்லச் சொல்ல வேண்டும். ஐந்து நிமிடம் தேடிவிட்டுச் சொல்லலாம் என்று தாமதிக்க வேண்டாம். 112, குழந்தைகளுக்கான 1098 இரண்டும் எல்லா நேரமும் உண்டு. கிடைத்ததும் அடிக்காதீர்கள், அடுத்த முறை தொலைந்தால் உங்கள் முன்னால் வரவே பயப்படும்.

வயிறு

பனங்கிழங்கு, பதநீர், நுங்கு, அல்வா எல்லாம் நம் மண்ணின் பண்டம்தான். ஆனால் புளிப்பேறிய பதநீர் பிள்ளைக்கு வேண்டாம். முழு நுங்கு வழுக்கித் தொண்டையில் போய் அடைத்துக்கொள்ளும், மசித்துக் கொடுங்கள். நிலக்கடலை, முழுத் திராட்சை, மிக்சர் ஆகியவற்றை ஓடும் வண்டியில் ஐந்து வயது வரை கொடுக்க வேண்டாம். அடைத்துக்கொண்டு இருமவும் முடியாமல் போனால்: குனிய வைத்து இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே உள்ளங்கை அடிப்பாகத்தால் 5 அடி, பிறகு பின்னாலிருந்து தொப்புளுக்கு மேலே உள்நோக்கி மேலே 5 அழுத்தம், மாறி மாறி. ஒரு வயதுக்கு உட்பட்டதென்றால் வயிற்றை அழுத்தாமல் மார்பில் இரண்டு விரலால். கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடி வாய்க்குள் விரல் விடாதீர்கள்.

பேதி தொடங்கினால் ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கு, சிறியது 200 மி.லி.க்கு. பெரிய பாக்கெட்டைப் பாதி பாதியாக ஒரு டம்ளரில் கரைப்பது தப்பு. உப்பு ஏறினால் பிள்ளைக்கு ஆபத்து. ஒவ்வொரு பேதிக்கும் இரண்டு வயது வரை 50 முதல் 100 மி.லி., அதற்கு மேல் 100 முதல் 200 மி.லி. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டி. கரைத்தது 24 மணி நேரம்தான். பாக்கெட் இல்லாத இடத்தில் ஒரு லிட்டர் காய்ச்சிய தண்ணீர், தலை தட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. கடையில் அட்டைப்பெட்டியில் விற்கும் இனிப்புப் பானங்கள் ஓ.ஆர்.எஸ். ஆகாது, அந்தப் பெயரை அவற்றில் போடக் கூடாதென்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். பெரியவர்களுக்கான பேதி நிறுத்தும் மாத்திரை பிள்ளைக்குக் கூடாது.

ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, அழுதால் கண்ணீர் இல்லை, கண் குழி விழுந்திருக்கிறது, சோர்ந்து சோர்ந்து விழுகிறது, மலத்தில் இரத்தம் என்றால் மருத்துவமனைதான். தென்காசி, அம்பாசமுத்திரம், திருச்செந்தூரில் அரசு மருத்துவமனைகள் உண்டு. பெரிய சிகிச்சைக்குப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. காரையாறு, மாஞ்சோலைப் பக்கம் சிக்னல் கிடைப்பது அரிது. மலையேறும் முன்பே வழித்தடத்தைப் போனில் இறக்கி வையுங்கள், ஓட்டுநருக்கும் எந்த மருத்துவமனை என்று சொல்லிவையுங்கள். பாம்பு கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், கடிபட்ட காலை ஆட்டாமல் வைத்து நேரே அரசு மருத்துவமனைக்கு. மருந்து அங்கே இருக்கும்.

ஊர் திரும்பிய பின்

இரண்டு வாரம் கவனியுங்கள். காதைப் பிடித்து இழுத்து அழுதால் காதில் சீழ் கட்டியிருக்கலாம். எண்ணெய் ஊற்ற வேண்டாம். காய்ச்சல் வந்தால், எந்த ஆற்றில், எந்த அருவியில், எந்தத் தேதியில் குளித்தது என்பதை டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். எலிக்காய்ச்சலா டெங்குவா என்று பார்க்க அது உதவும். அட்டைக்கடித் தடத்தையும் காட்டுங்கள். குரங்கு கடிக்கு ஊசி தொடங்கியிருந்தால் முதல் நாளுக்குப் பிறகு 3, 7, 28ஆம் நாள் தவணைகளை உங்கள் ஊர் அரசு மருத்துவமனையிலேயே போட்டுக்கொள்ளலாம். முதல் ஊசி போட்ட இடத்தில் கொடுத்த சீட்டை மட்டும் தொலைக்காதீர்கள்.